நீல பரல்

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகத் தேவையில்லை.
அதனால்தான் முதுகு வலிக்கிறது.

காலையில் கூரைத் தகரத்தில் ஏழு ஓட்டை எண்ணினேன்.
சத்தியவேல் எட்டு என்றார்.
எட்டாவது ஆணி கழன்ற இடம்,
அதை ஓட்டையில் சேர்க்கலாமா என்று
கொஞ்ச நேரம் வாக்குவாதம்.
பழைய பஸ் டியூப்பை வட்டம் வட்டமாக வெட்டித்
தார் பூசி ஒட்டினோம்.
மத்தியானம் மழை வந்து சோதித்துப் பார்த்தது.
ஒன்பதாவது ஓட்டை
அடுப்புக்கு நேர்மேலே.

எங்கள் சேவலுக்குப் பெயர் கண்டாக்கையா.
கையைப் பின்னால் கட்டியது மாதிரி நடப்பார்.
லீக்ஸ் பாத்திக்கும் கரட் பாத்திக்கும் நடுவே போய்
ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்துத்
தலையைச் சரித்து
இவ்வளவுதானா என்று நிற்பார்.
மலையில் நிற்பது போலவே நாங்களும் நிற்போம்.
பதில் சொல்வதில்லை.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
பெரிய தோட்டம் கம்பனியுடையது.
எங்களுடையது
காம்பராவின் பின்சுவருக்கும் கானுக்கும் நடுவே
என் சேலை ஒன்றின் நீளம்,
அரைச் சேலை அகலம்.

பசளை உறையில் உருளைக்கிழங்கு வைத்தேன்.
செடி என் இடுப்புக்கு வந்தது,
கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்தது.
தேயிலைத் தூசி போட்டால் ரோசா பூக்கும்
என்று ரேடியோவில் சொன்னார்கள்.
பூத்தது.
ஆட்டுக்கு மிகவும் பிடித்துவிட்டது.
கோவாவில் சாம்பல் தூவு, புழு வராது
என்றாள் அடுத்த காம்பரா குமுதினி.
புழு வந்தது,
உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு
சாமியார் மாதிரி.
பன்றி வந்த இரவில்
எங்கள் டொபி குரைக்கவே இல்லை.
கட்டிலுக்கு அடியில் இருந்து
எங்களை மட்டும் காவல் காத்தது.

இதெல்லாம் மூன்று மாதத்துப் பயிர்.
மூன்று மாதத்துக்கு யாரும் ஒன்றும் கேட்பதில்லை.
மரம் என்றால் கேட்பார்கள்.

மகள் பிரசாதினி
சந்தையில் வாங்கிய பட்டர்புரூட்டின் கொட்டையில்
மூன்று ஈர்க்கு குத்தி
யோகட் கோப்பைத் தண்ணீரில் நிறுத்தினாள்.
நாற்பத்தாறாம் நாள் கொட்டை வெடித்தது.
"எங்கம்மா நடுறது?"

கம்பனி மண்ணில் மரம் வைக்க
எழுத்தில் கேட்க வேண்டும்.
கேட்டோம்.
கடிதம் ஒபிசில் இருக்கிறது.
இந்நேரம் அதுவும் வேர் விட்டிருக்கும்.

தலவாக்கலையிலிருந்து சத்தியவேல்
ஒரு நீல பரலைத் தோளில் கொண்டுவந்தார்.
வாளால் பாதியாக அறுத்தார்.
அடியில் ஆணியைச் சுடவைத்துத் துளை போட்டார்.
"பரல்ல இருந்தா அது மரமில்ல, சாமான்.
சாமான் வைக்க யாரைக் கேக்கணும்?"

கீழ்ப்பாதியில் கன்று.
மேல்பாதியைக் கவிழ்த்து டொபிக்கு வீடு.
சாக்கு விரித்து, வாசல் வெட்டி,
பிரசாதினி பெயர்கூட எழுதினாள்.
டொபி மோந்து பார்த்துவிட்டுப் போனது.
செவலைக் கோழி உள்ளே போய்
முட்டை வைத்தது.

ஐப்பசியில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து
கன்றின் உச்சியைக் கடித்துவிட்டது.
மகள் இரண்டு நாள் ஆட்டோடு பேசவில்லை.
ஆடு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.
பத்தொன்பதாம் நாள்
கடித்த இடத்துக்குக் கீழே இரண்டு துளிர்.
இருபத்திரண்டு வருஷம் கொழுந்து கிள்ளிய கைக்கு
இது தெரியாதா?
தெரியும்.
வீட்டில் வைத்து ஞாபகம் வரவில்லை.

அது போன வருஷம்.
இன்றைக்கு, தார் காய்ந்த கையோடு,
ஆடிக் காற்று பிய்த்துவிடும் என்று
பரலைச் சுவரோரம் நகர்த்தப் போனோம்.
நான் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம்.
அசையவில்லை.
சத்தியவேல் குந்தி
அடியில் விரலை விட்டுத் துழாவினார்.
வெகுநேரம் துழாவினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பரல் பாரமா இருக்கு."

மண் ஒட்டிய விரலைச் சாரத்தில் துடைத்தார்.
நான் கேட்கவில்லை.
இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு
மூன்று குச்சி ஊன்றி, கயிறு கட்டினோம்.

கண்டாக்கையா வந்தார்.
பரலை ஒரு சுற்றுச் சுற்றினார்.
தலையைச் சரித்து அடியைப் பார்த்தார்.
பிறகு
லீக்ஸ் பாத்திப் பக்கம் போய்விட்டார்.